காலி மேடையும் பாடும் கூட்டமும்: குயின் ஏன் இன்னும் ஒலிக்கிறது?

1977 மே மாதக் கடைசி. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு நகரை ஒட்டிய பிங்லி ஹாலில் குயின் ராக் குழுவின் கச்சேரி. கடைசிப் பாட்டு முடிந்தது. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் மறுபடி வந்து வாசித்ததும் முடிந்தது. நால்வரும் மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள். ஆனால் கூட்டம் கலையவில்லை. காலி மேடையைப் பார்த்தபடி, லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் மைதானத்தில் பாடும் 'யூல் நெவர் வாக் அலோன்' பாட்டை எல்லாருமாகச் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். அது குயின் பாட்டே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பாட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கிட்டார் கலைஞர் பிரையன் மே அன்றிரவு அதை நினைத்துக்கொண்டே தூங்கப் போனார். நெருக்கியடித்து நிற்கிற ஒரு கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? காலால் தரையைத் தட்டலாம், கையைத் தட்டலாம், பாடலாம். இந்த மூன்றை மட்டும் வைத்து ஒரு பாட்டுச் செய்தால் என்ன? காலையில் 'வீ வில் ராக் யூ' அவர் மனத்தில் ஏறக்குறைய முழுதாக இருந்தது. அதே எண்ணத்தில் பாடகர் ஃப்ரெடி மெர்குரி எழுதியது 'வீ ஆர் த சாம்பியன்ஸ்'. இரண்டும் அந்த ஆண்டே 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' ஆல்பத்தில் அடுத்தடுத்து வந்தன. இன்று எந்த நாட்டு விளையாட்டு அரங்கத்துக்குள் போனாலும் இரண்டில் ஒன்று காதில் விழும். அதைப் பாடுகிறவர்களில் பலருக்குக் குயின் என்ற பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

குயினின் ஆயுளைப் பற்றிப் பேசுகிறவர்கள் மெர்குரியின் குரல், அவருடைய மரணம், குழுவைப் பற்றி 2018இல் வந்த திரைப்படம் என்று காரணங்களை அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். குயின் தன் பாட்டுக்குள் கேட்பவருக்கு ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைத்தது. அந்த இடம் காலியாக இருக்கும்வரை புதுப்புது ஆட்கள் வந்து அதில் நின்றுகொண்டே இருப்பார்கள்.

'வீ வில் ராக் யூ' எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்தாலே இது விளங்கும். அதில் டிரம்ஸ் கிடையாது. இரண்டு மிதி, ஒரு கைத்தட்டு, அதன்மேல் குரல். கடைசியில்தான் கிட்டார் நுழைகிறது. வடக்கு லண்டனில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய வெசெக்ஸ் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. அங்கே கிடந்த பழைய பலகைகளின் மேல் நின்று மிதித்து, அந்தப் பதிவின் மேலேயே திரும்பத் திரும்பப் பதிந்தார்கள். சில பேர் தட்டியதை ஆயிரக்கணக்கானோர் தட்டியதாகக் காட்டுவது எப்படி? ஒரே ஒலியைச் சம இடைவெளியில் பல தடவை ஒலிக்கவிட்டால் அது எதிரொலியாகிவிடும், கூட்டமாகக் கேட்காது. மே இயற்பியல் படித்தவர். உண்மையான கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூரத்தில் நிற்கிறார். ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் முன்பின்னாக வந்து சேருகிறது. ஆகவே அந்தத் தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் வைத்தார். ஒன்றோடொன்று பொருந்தாத இடைவெளிகள் என்பதால் எதிரொலி கேட்காது. எந்தத் தட்டுக்கும் பக்கத்துத் தட்டு கூட்டாளியாகாமல், நாலாபுறமும் ஆட்கள் நிற்பது போன்ற உணர்வு மட்டும் மிஞ்சும். பாட்டைத் தனியாக அறையில் உட்கார்ந்து கேட்டாலும் நாம் கூட்டத்தின் நடுவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதைச் செய்தவர்கள் யார் என்பதும் தெரிய வேண்டும். மே லண்டன் இம்பீரியல் கல்லூரி மாணவர். தன் கிட்டாரைத் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்துகொண்டவர். அதன் கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்து மரம். விண்வெளித் தூசி பற்றித் தொடங்கிய முனைவர் பட்ட ஆய்வை இசைக்காக நிறுத்திவிட்டு, முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து 2007இல் முடித்தார். டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் படிக்க வந்து, பிறகு உயிரியலுக்கு மாறியவர். 1971இல் கடைசியாகச் சேர்ந்த பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன் மின்னணுவியல் பட்டதாரி. குப்பையில் கிடைத்த ஒரு மின்சுற்றை வைத்து அவர் செய்த சிறிய ஆம்ப்ளிஃபயரைத்தான் பல ஆல்பங்களில் மே பயன்படுத்தினார். கையில் கிடைத்ததைப் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டுகிற புத்தி நால்வருக்கும் பொது.

நான்காமவர் மெர்குரி. இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. 1946இல் சான்சிபாரில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். எட்டு வயதில் மகாராஷ்டிர மலையூரான பஞ்சகனியில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பியானோ கற்றது, நண்பர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்ற முதல் குழுவை ஆரம்பித்தது, ஃப்ரெடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது எல்லாம் அங்கேதான். 1964இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தபோது குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடிவந்தது. பிறகு ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தார். குயினின் சின்னத்தை வரைந்தவர் அவரே. நால்வரின் ராசிகளையும் அதில் வைத்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் தெற்காசியப் பின்னணியைப் பற்றி அவர் வெளியே அதிகம் பேசியதில்லை. அதைக் குறையாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. பதினேழு வயதில் ஊரை இழந்து வந்த ஒரு பையன் தனக்கென்று ஒரு பெயரையும் ஒரு மேடையையும் தானே உண்டாக்கிக்கொண்டதைத்தான் பார்க்கிறேன்.

1973இல் முதல் ஆல்பம் வந்தபோது அதிகப் பேர் கவனிக்கவில்லை. 1974இல் 'கில்லர் குயின்' பாட்டு வென்றது. ஆனால் கைக்குப் பணம் வரவில்லை. ஆரம்பத்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் வாரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் போலவே இருந்தார்கள். அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட்ட சூட்டோடு, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பணயம் வைத்து 1975இல் செய்த ஆல்பம்தான் 'எ நைட் அட் தி ஆபரா'.

அதில் உள்ள 'பொஹீமியன் ராப்சடி'யின் நீளம் 5 நிமிடம் 55 நொடி. பல்லவி என்று திரும்பத் திரும்ப வருகிற பகுதி எதுவும் அதில் கிடையாது. பியானோவோடு மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஆபரா என்ற மேற்கத்திய இசைநாடகப் பாணிக்கு மாறி, கடுமையான ராக்காக வெடித்து, கடைசியில் தணிந்து அடங்குகிறது. ஆபரா பகுதியில் மெர்குரி, மே, டெய்லர் மூவரும் குரல் மேல் குரலாக அடுக்கிக்கொண்டே போனதில், ஒலிநாடா தேய்ந்து வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு ஆகிவிட்டதாம். இவ்வளவு நீளப் பாட்டை வானொலி போடாது என்று இசைத்தட்டு நிறுவனம் தயங்கியது. லண்டன் கேப்பிடல் ரேடியோவில் நிகழ்ச்சி நடத்திய கென்னி எவரெட், அதை ஒரே வார இறுதியில் 14 முறை ஒலிக்கவிட்டார். திங்கட்கிழமை கடைகளில் ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். பாட்டு அப்போது விற்பனைக்கே வரவில்லை. வந்தபின் பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது.

இந்தப் பாட்டு என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். காலும் கையும் போதும் என்று சொல்ல இது எளிய பாட்டா? குயினாலேயே இதை மேடையில் முழுதாகப் பாட முடியவில்லையே! மூன்று பேர் நூற்றுக்கணக்கான குரல்களாக ஆக முடியாது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆபரா பகுதி வந்ததும் விளக்குகளை மாற்றிவிட்டு நால்வரும் மேடையை விட்டுப் போய்விடுவார்கள். பதிவுசெய்த நாடா ஓடும். ராக் பகுதி தொடங்கும்போது வெளிச்சத்தோடு வந்து நிற்பார்கள். பாடுவது போல வாயசைத்து ஏமாற்ற அவர்கள் விரும்பவில்லை. இடையிலிருக்கிற அந்த ஒரு நிமிடம் மேடை காலி. அதை நிரப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று வாரம் வியர்வை சிந்தி ஸ்டூடியோவில் கட்டிய குரல் கோபுரத்தை, அரங்கத்தில் சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் ஆயிரம் பேர் பாடினார்கள்.

இன்னொரு காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராக் குழுக்களில் எழுதுகிறவர் ஒருவரோ இருவரோ இருப்பதுதான் வழக்கம். குயினில் நான்கு பேரும் எழுதினார்கள். நான்கு பேரும் பெரிய வெற்றிப் பாட்டு தந்தார்கள். அமெரிக்காவில் 1980இல் முதலிடத்துக்குப் போன 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்', பேசாமல் ஓரமாய் நிற்கும் டீக்கன் எழுதியது. 'ரேடியோ கா கா' டெய்லருடையது. நால்வரின் ருசியும் நாலு விதம் என்பதால் ஒரு காலத்து மோஸ்தர் போனாலும் குழு கூடவே போகவில்லை. 1981இல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு பிரிட்டனின் வரலாற்றில் மிக அதிகம் விற்ற ஆல்பம். 70 லட்சம் பிரதியைத் தொட்ட முதல் ஆல்பமும் அதுவே. எழுதியவருக்கே பணம் என்ற ஏற்பாட்டால் சண்டைகளும் நிறைய நடந்தன. 1989இல் வந்த 'த மிராக்கிள்' ஆல்பத்திலிருந்து எல்லாப் பாட்டையும் 'குயின்' என்ற ஒரே பெயரில் போட்ட பிறகுதான் அது தீர்ந்தது.

விமர்சகர்கள் இந்தக் குழுவை விரும்பியதில்லை. 1979இல் ரோலிங் ஸ்டோன் இதழில் வந்த மதிப்புரை ஒன்று, குயினைப் பாசிச ராக் குழு என்று அழைக்கிற அளவுக்குப் போனது. 'வீ வில் ராக் யூ' அதற்கு ஒரு படை நடைக் கட்டளையாகக் கேட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளத்தில் கை உயர்த்துவதைப் பார்த்து இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் கலங்கினால் அதில் தவறில்லை. ஆனால் பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதற்கும் கட்டளைக்கு அடிபணிவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அந்த விமர்சகர் கவனிக்கவில்லை. அந்தப் பாட்டில் தாளம் கூட்டத்தின் கையில் இருக்கிறது. கூட்டம் நிறுத்தினால் பாடகர் தனியாக நிற்க வேண்டியதுதான்.

1981இல் குழு தென் அமெரிக்காவுக்குப் போனது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் மொரும்பி அரங்கத்தில் ஒரே இரவில் 1,30,000 பேர் அளவில் வந்தார்கள். அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் 'லவ் ஆஃப் மை லைஃப்' என்ற மெல்லிய காதல் பாட்டு ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத அந்தக் கூட்டம் ஒரு வரி விடாமல் அதைப் பாடியது. மெர்குரி மைக்கைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார். பாட்டை முழுதாக ரசிகர்களிடம் விட்டுவிடும் அந்த வழக்கம் அதற்குப் பிறகு போன ஊர்களுக்கெல்லாம் கூடவே போனது.

இந்தக் கதையில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்து எழுதக் கூடாது. 1984 அக்டோபரில் குயின் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் பல இரவுகள் வாசித்தது. இனவெறி அரசுக்கு எதிராக உலகக் கலைஞர்கள் அந்த நாட்டைப் புறக்கணித்திருந்த காலம் அது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது, ஐ.நா.வின் கரும்பட்டியலில் பெயர் ஏறியது. நாங்கள் அரசியல் பேசுகிறவர்கள் அல்ல, கேட்க வருகிற எவருக்கும் வாசிக்கிறோம் என்றார்கள். கேட்பவரைப் பாட்டின் பாதியாகக் கருதிய ஒரு குழு, யார் உள்ளே வரமுடிகிறது, யார் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அமெரிக்காவிலும் அப்போது நிலைமை சரியில்லை. 1982இல் நடன இசைப் பக்கம் சாய்ந்த 'ஹாட் ஸ்பேஸ்' பலருக்குப் பிடிக்கவில்லை. 'ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ' காணொளியில் நால்வரும் பெண் வேடம் போட்டது, பிரிட்டனில் சிரிப்பையும் அமெரிக்காவில் முகச்சுளிப்பையும் உண்டாக்கியது. 1982க்குப் பிறகு மெர்குரி அமெரிக்காவில் குயினோடு கச்சேரி செய்யவே இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் வந்ததுதான் 1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட நடந்த லைவ் எய்டு. லண்டன் வெம்ப்ளி அரங்கத்தில் 72,000 பேர். சீட்டு வாங்கியபோது குயின் வரப்போவது பலருக்குத் தெரியாது. ஆக, அது குயினின் சொந்தக் கூட்டம் இல்லை. நேரமோ மாலை வெயில். குயின் கச்சேரிகளுக்குப் பெயர்போன விளக்கும் புகையும் அங்கே உதவாது. கிடைத்தது 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். குயின் லண்டனில் ஒரு நாடக அரங்கை வாடகைக்கு எடுத்துக் கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்தது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளை வெட்டிச் சுருக்கி ஒன்றோடொன்று கோத்தது. 'பொஹீமியன் ராப்சடி'யின் முதல் பகுதி முடிந்ததும் 'ரேடியோ கா கா' வந்தது. அதன் பல்லவியில் இரண்டு கைத்தட்டு உண்டு. பாட்டின் காணொளியில் ரசிகர் மன்றத்தினர் கைகளை உயர்த்தித் தட்டுவது போலப் படமாக்கியிருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வெம்ப்ளியில் 72,000 ஜோடிக் கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்து தட்டின. அடுத்து, வாத்தியம் எதுவுமில்லாமல் மெர்குரி ஓர் ஒலியை எடுத்தார். கூட்டம் திருப்பிப் பாடியது. கொஞ்சம் நீட்டினார், கூட்டமும் நீட்டியது. சொற்களே இல்லாத அந்த அரை நிமிட விளையாட்டைத்தான் இன்றும் உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. கடைசியில் வந்தவை, ஸ்டாஃபோர்டில் விதை விழுந்த அதே இரண்டு பாட்டுகள்.

அடுத்த ஆண்டு 1986 ஆகஸ்ட் 9 அன்று நெப்வொர்த்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் வாசித்ததுதான் நால்வரும் சேர்ந்து செய்த கடைசிக் கச்சேரி. அப்போது அது யாருக்கும் தெரியாது. 1987 வாக்கில் மெர்குரிக்குத் தன் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. லைவ் எய்டுக்கு முன்பே தெரிந்தது போல 2018 படம் காட்டியது உண்மைக்கு மாறானது. நோயை வெளியே சொல்லாமல், மேடையை விட்டு ஸ்டூடியோவுக்குள் போனார். சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் குழுவுக்குச் சொந்தமான ஸ்டூடியோ இருந்தது. ஏரிக்கரை ஊர், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். 1991 மே மாதம் அங்கே 'மதர் லவ்' பாட்டை வரி வரியாகப் பாடிக்கொண்டு வந்தவர், கடைசிச் சரணத்துக்கு முன் களைத்துப்போய், பிறகு வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. அந்தச் சரணத்தை மே பாடினார். நவம்பர் 23 அன்று மெர்குரி தனக்கு எய்ட்ஸ் என்று அறிவித்தார். மறுநாள் மாலை கென்சிங்டனில் உள்ள தன் வீட்டில் இறந்தார். வயது 45.

அந்த டிசம்பரிலேயே 'பொஹீமியன் ராப்சடி' எய்ட்ஸ் அறக்கட்டளை ஒன்றின் உதவிக்காக மறுபடி வெளியாகி, 5 வாரம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1992இல் 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தில், ஒரு காருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்த இளைஞர்கள் அதே பாட்டை ஆளுக்கொரு குரலாகப் பிரித்துப் பாடித் தலையை ஆட்டினார்கள். குயினைக் கைவிட்டிருந்த அமெரிக்காவில் பாட்டு இரண்டாம் இடத்துக்கு வந்தது. கவனியுங்கள், அந்தக் காட்சியில் குயின் இல்லை. பாடுகிறவர்கள் ரசிகர்கள்.

டீக்கன் 1997க்குப் பிறகு இசை உலகத்தை விட்டே விலகி அமைதியாக வாழ்கிறார். மேயும் டெய்லரும் முதலில் பாடகர் பால் ராட்ஜர்ஸோடும், பிறகு 2012 முதல் பாடகர் ஆடம் லாம்பர்ட்டோடும் ஊர் ஊராகப் போனார்கள். லாம்பர்ட் மெர்குரியைப் போலிசெய்ய முயல்வதில்லை. அது அவருடைய நல்ல குணம். 'லவ் ஆஃப் மை லைஃப்' பாட்டின்போது அவர் மேடையிலிருந்து நகர்ந்துவிடுவார். மே மட்டும் கிட்டாரோடு உட்கார்ந்து தொடங்க, கூட்டம் பாடும். கடைசியில் திரையில் மெர்குரியின் பழைய காட்சி வரும். 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் இதுவே நடந்தது. பெரிய திரையில் மெர்குரி குரல் எடுத்துக்கொடுக்க, அவர் இறந்து ஏறக்குறைய 21 ஆண்டு கழித்து, அரங்கம் முழுவதும் திருப்பிப் பாடியது. அவர் இறந்தபோது பிறந்திராதவர்களும் அதில் இருந்தார்கள்.

2017 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் கிரீன் டே குழுவின் கச்சேரி. குழு வர நேரம் இருந்தது. பொழுதுபோக ஒலிபெருக்கியில் ஒரு பதிவைப் போட்டார்கள்: 'பொஹீமியன் ராப்சடி'. வேறொரு குழுவைப் பார்க்க வந்திருந்த 65,000 பேரும் முதல் வரியிலிருந்தே பாட ஆரம்பித்தார்கள். ஆபரா பகுதியையும் விடவில்லை. கிட்டார் தனியாக வருமிடத்தில் பாட வரி இல்லை; அதையும் வாயாலேயே பாடினார்கள். பிரையன் மேயின் விரல்கள் கம்பியை இழுத்து நிறுத்துகிற இடங்களில் 65,000 தொண்டைகளும் இழுத்து நிறுத்தின. மேடையில் வாத்தியங்கள் தயாராக இருந்தன. ஆள் யாரும் இல்லை.